பழமா, பாட்டரியா?

காவிரிக் கரையில் உள்ள தொட்டியம், வாழைக்குப் பேர்போன ஊர். அங்கே தார் சுமக்கும் தொழிலாளி, இரவில் மறக்காமல் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறார். காலையில் அவரோ வெறும் டீயோடு கிளம்புகிறார்!

வயிற்றையும் பாட்டரியையும் ஒரே தராசில் நிறுத்தால் என்ன?

உணவுக்குக் கணக்கு கலோரி, மின்சாரத்துக்கு யூனிட். சாப்பாட்டுக் கணக்கில் 860 கலோரி, ஒரு யூனிட். தோலுரித்த 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 90 கலோரி. அதாவது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. 5,000 மில்லி ஆம்பியர் மணி செல்போன் பாட்டரியோ, நிரம்பினாலும் ஐம்பதில் ஒரு பங்குதான். ஒரு பழம், ஐந்து பாட்டரி!

பழத்தைச் செல்போனில் செருக முடியாது, வாஸ்தவம். உடம்பும் அதில் கால் பங்கைத்தான் உழைப்பாக்கும், மிச்சம் சூடாகிவிடும். அந்தக் கால் பங்கே ஒரு பாட்டரியை மிஞ்சும்.

கடும் உழைப்பாளி ஆணுக்கு நாளொன்றுக்கு 3,470 கலோரி வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. நான்கு யூனிட்! இருநூறு பாட்டரிக்கு மேல்! இதை ஒரு டீ தருமா?

பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022-ல் அரசு காலை உணவு தொடங்கியது. தார் தூக்குகிறவருக்கும் கூலியோடு நாலு இட்லி கொடுக்கத் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் முன்வரலாமே!