‘பேர்’ என்பது ஒன்றா, இரண்டா?

‘பேர்’ என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாகப் பழகிய சொல். பெயர் என்பதன் மரூஉவாக நின்று, “உன் பேர் என்ன?” என்னும் வினாவில் அஃது ஒருவனைச் சுட்டும் அடையாளம். “பந்தியில் பத்துப் பேர் அமர்ந்தனர்” என்னுமிடத்தில் ஆட்களின் எண்ணிக்கை. இவ்விரு பொருளும் எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் தெரியும். ஆனால், 2009-இல் தனி மாவட்டத்தின் தலைநகராகிய திருப்பூரில், பின்னலாடைத் தொழிலகங்களின் வாயில் வழியே மூன்றாவது ‘பேர்’ ஒன்று நுழைந்துள்ளது. அது தமிழ்ப் பேர் அன்று. இணையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். “இருபது பேர் மாடிக்கு அனுப்பு” என்று மேற்பார்வையாளர் ஒருவர் கூவினால், மாடிப்படி ஏறவேண்டியவை இருபது ஆட்களா, இருபது இணைக் காலுறைகளா? கேட்பவர்க்கு இது நகைப்பாகத் தோன்றலாம். எண்ணிக்கையின்மேல் கூலியும், எண்ணிக்கையின்மேல் சரக்கும், எண்ணிக்கையின்மேல் ஊரின் நற்பெயரும் நிற்கும் ஓரிடத்தில் இஃது எளிதாக நகைத்து விடத்தக்கதன்று.

அச்சொல்லின் வரலாற்றைச் சற்று நோக்குக. ஒப்பு, நிகர் என்னும் பொருளுடைய ‘பார்’ என்ற இலத்தீன் சொல்லே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘பேர்’ ஆயிற்று. ஒத்த இரண்டு என்பதே அதன் முதற்பொருள். பின்னர் அது கிளைத்த கிளைகள் பல. செருப்பும் கையுறையும் காலுறையும் அதன்பாற்பட்டன. கணவனும் மனைவியும், ஆண்பறவையும் பெண்பறவையும் அதன்பாற்பட்டன. சீட்டாட்டத்தில் ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டும் ‘பேர்’. இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எதிரெதிர்க் கட்சியினர் இருவர் தம்முள் உடன்பட்டு வாக்களியாது ஒதுங்குவதும் ‘பேர்’. மட்டைப்பந்தில் ஒருவர் ஒரே போட்டியின் இரண்டு ஆட்டங்களிலும் ஓட்டம் எதுவும் எடாது வெளியேறினால் அதுவும் ‘பேர்’. இரண்டு சுழிகள் சேர்ந்தும் ஓர் இணையாகுமாம்!

இவ்வளவும் இரண்டு என்னும் எல்லைக்குள் நிற்பவை. இனி வருவதே இடர். கத்தரிக்கோல் ஒன்றே, ஆங்கிலர்க்கு அது ‘ஒரு பேர்’. மூக்குக்கண்ணாடி ஒன்றே, அதுவும் ‘ஒரு பேர்’. கால்சட்டை ஒன்றே, இரண்டு கால்களைப் போர்த்தலின் அதுவும் ‘ஒரு பேர்’. மேற்சட்டைக்கும் இரண்டு கைகள் உண்டே. அது ‘ஒரு பேர்’ ஆகுமா எனின், ஆகாது! ‘ஒரு பேர் மேற்சட்டை’ என்றால் இரண்டு மேற்சட்டைகள். ‘ஒரு பேர் கால்சட்டை’ என்றால் ஒரே கால்சட்டை. இடுப்புக்கு மேலே இரண்டாக நின்ற சொல் இடுப்புக்குக் கீழே ஒன்றாகிவிடுகிறது. இதற்கு நெறி ஏதென வினவினால் வழக்கென்பதே விடை.

பச்சிளங் குழந்தைக்கான உடைத்தொகுதி ஒன்றை எடுத்துக்கொள்க. சட்டை ஒன்று, தொப்பி ஒன்று, கால்சட்டை ‘ஒரு பேர்’, கையுறை ‘ஒரு பேர்’, காலுறை ‘ஒரு பேர்’. இம்மூன்று ‘பேர்’களையும் இவ்விரண்டாக எண்ணுபவர்க்கு உருப்படி ஆறு. ஒவ்வொன்றாக எண்ணுபவர்க்கு மூன்று. உண்மையில் உள்ளவையோ ஐந்து. சொல்லை மட்டும் நம்பி எண்ணுபவர் எவ்வழியில் சென்றாலும் தவறுவர். ஆயிரம் தொகுதிகள் கட்டவேண்டிய இடத்தில் இத்தவறு ஆயிரம் மடங்காகும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒரு பெண்ணின் கணக்கில் அது புகுமாயின், அவள் தன் உழைப்பைத் தானே அளந்தறிய இயலாமற் போகும்.

ஆங்கிலர் இதனால் இடர்ப்படுவதில்லை என்பது உண்மையே. கால்சட்டை ஒன்று என்பதும் காலுறை இரண்டு என்பதும் அவர்க்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். சொல் எவ்வாறு இருப்பினும் பழக்கம் அவரைக் காக்கும். கடன் வாங்குவோர்க்கோ சொல் மட்டும் வருகிறது. அதனைக் காக்கும் பழக்கம் உடன் வருவதில்லை. உறையின்றி வாளை மட்டும் வாங்கி இடையிற் செருகிக்கொள்வது போன்றது இது. அயற்சொல் அயலது என்பதனால் மட்டும் விலக்கத்தக்கதன்று. அதைப் பேசுவோர்க்கே அது விளங்காத இடத்தில் முதற்கண் விலக்கத்தக்கது.

உலக வணிகமும் இக்குழப்பத்தை அறிந்தே வேலி கட்டியுள்ளது. உலகச் சுங்க அமைப்பு சரக்குகளை அளக்க வகுத்த அலகுகளில் தனி எண்ணிக்கை வேறு, இணை எண்ணிக்கை வேறு. பின்னதன் குறியீட்டிலேயே 2 என்னும் எண்ணைச் சேர்த்து எழுதுவர். இந்தியாவில் 2017-இல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. எனப்படும் வரியின் அளவுப் பட்டியலிலும் உருப்படி, இணை, தொகுதி என்பவை தனித்தனிக் குறியீடுகளாகவே உள்ளன. ஏட்டில் எழுதுவோர் மூன்றையும் பிரித்தறிந்து எழுதுகின்றனர். கையால் எண்ணுவோர் மட்டும் ஏன் ஒரே சொல்லில் மூன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டும்?

தமிழில் சொல் இல்லையா? இருக்கிறது, அதுவும் நிரம்ப இருக்கிறது. தனித்தனியே நின்றும் ஒன்றற்கொன்று ஒத்தவை இணை. கண்ணிணை, தாளிணை என்பவை காண்க. இலத்தீன் சொல்லின் பொருளாகிய ஒப்பு இச்சொல்லிலும் அமைந்திருப்பதை ‘இணையற்ற’ என்னும் வழக்கே காட்டும். யாப்பிலும் முதலிரு சீர்களில் மோனை வரின் இணைமோனை. ஒன்றே இரண்டாய் வருவதும், இரண்டு ஒன்றாய்ச் சேர்வதும் இரட்டை. இரட்டைக்கிளவி என்று தொல்காப்பியர் பெயரிட்டது முன்னதை. ஒரே நுகத்தில் பூட்டிய இரட்டை மாட்டு வண்டி பின்னது. ஒருவர்க்கு ஒருவர் உதவியாய் நிற்பது துணை. திருவள்ளுவர் இல்லாளைப் பற்றிய அதிகாரத்திற்கு வாழ்க்கைத் துணைநலம் என்றே பெயர் அமைந்துள்ளது. மணமக்களோ இணையர். ஆங்கிலர் ஒரே சொல்லில் அடைத்தவற்றைத் தமிழர் நான்கு சொற்களாகப் பகுத்து வைத்துள்ளனர். கால்சட்டையையும் கத்தரிக்கோலையும் கண்ணாடியையும் தமிழ் ஒருபோதும் இரண்டாக எண்ணியதில்லை. ஒன்றை ஒன்றென்றே சொல்வது அதன் இயல்பு.

தமிழிலும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டன்றோ எனச் சிலர் வினவுவர். உண்டு. அவற்றைத் திரட்டுதற்கென்றே நிகண்டுகள் தனித்தொகுதி வகுத்தன. ஒரு சொற்றொடரில் இரு பொருள் தோன்றப் பாடுவதை இரட்டுற மொழிதல் என்று போற்றி, அதில் வல்ல காளமேகப் புலவரைத் தமிழுலகம் இன்றும் கொண்டாடுகிறது. ஆனால் பாட்டில் சுவையாவது பட்டியலில் பிழையாகும். புலவர் இரட்டுற மொழிந்தால் கேட்போர் மகிழ்வர். சரக்குச் சீட்டு இரட்டுற மொழிந்தால் பெட்டி திரும்பி வரும்.

இணையைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல்லின் நிலையும் இதுவே. கொங்கு நாட்டு நூற்பாலைகளில் ஆறு அல்லது எட்டுப் பஞ்சுப்பட்டைகளை ஒருங்கே செலுத்தி ஒரே பட்டையாக இழுப்பதற்கு ‘டபுளிங்’ என்று பெயர். இரண்டு நூல்களைச் சேர்த்து முறுக்குவதற்கும் ‘டபுளிங்’ என்றே பெயர். எட்டும் இரட்டை, இரண்டும் இரட்டை! பட்டை சேர்த்தல், நூல் முறுக்கல் எனப் பிரித்துச் சொன்னால் புதிதாய் வேலைக்கு வந்த இளைஞனும் அன்றே உணர்வான்.

அயல்நாட்டார் ஆங்கிலத்தில் அன்றோ கேட்கின்றனர் என்பது அடுத்த மறுப்பு. அவர்க்கு எழுதும் மடலில் ஆங்கிலம் இருக்கட்டும். அதை எவரும் தடுக்கவில்லை. தொழிலகத்தின் உள்ளே, தமிழர் தமிழர்க்கு இடும் கட்டளைக்கு அயல்நாட்டார் இசைவு எதற்கு? ‘ஜோடி’ இருக்கிறதே என்பர் வேறு சிலர். வடநாட்டு வழக்கை வரவழைத்து ஆங்கிலத்தை விரட்டுவது ஒரு கடனை மற்றொரு கடனால் அடைப்பதே. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் உழைக்க வந்தவர்க்கு விளங்க வேண்டாவா எனின், வேண்டும். அவர்களும் தம்போல் வயிற்றுக்கு உழைப்பவர்களே. அவர்க்கும் ஆங்கிலம் அயல்மொழி. இணை, தனி என்னும் இரண்டு சிறுசொற்களைக் கற்பது ஒன்றும் இரண்டும் ஆகிய ஒரு சொல்லைக் கற்பதினும் எளிது.

புலவர்கள்பாலும் குறை உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. 1974-இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கி, மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரை அதன் இயக்குநராக அமர்த்தியது. சொற்களின் வேர்காணும் பணி அவ்வாறு நிலைபெற்றது. ஆயினும் அகரமுதலியில் சொல் இருப்பது வேறு. தையற்பொறியின் அருகே அது வாழ்வது வேறு. தூயதமிழ் பேசுவோர் பலர் தொழிலகத்தின் வாயிலை மிதித்ததில்லை. மிதித்திருந்தால், அங்கே தொழிலாளரே ஆக்கிய நல்ல தமிழைக் கண்டிருப்பர். கைமடி என்பது அவர்தம் சொல். அடுக்கிக் கட்டுதல் என்பது அவர்தம் சொல். எந்தக் குழுவும் கூடி ஆக்காத சொற்கள் இவை. பின்னலாடை என்னும் சொல்லோ இன்று கடைப்பலகையிலும் செய்தித்தாளிலும் அரசாணையிலும் தடையின்றி வழங்குகிறது. பொருள் விளங்கும் சொல்லை மக்கள் மறுப்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆகவே செய்யவேண்டுவது பெரும்பணி அன்று. ஒத்த இரண்டாய் விற்பதை இணை என்க. ஒன்றாய் விற்பதை உருப்படி என்க. பலவகை சேர்ந்ததைத் தொகுதி என்க. இம்மூன்று சொற்களையும் எண்ணுமிடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கத் தொழிலக உரிமையாளர்க்கு ஒரு நாட் செலவும் ஆகாது. தொழிற்சங்கத்தார் கூலிப் பேச்சில் இச்சொற்களையே ஆளலாம். தமிழாசிரியர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரட்டைக்கிளவியைக் கற்பிக்கும் நாளில், அவர்தம் தாயும் தமக்கையும் நாள்தோறும் எண்ணும் இணையையும் சேர்த்துக் கற்பிக்கலாம்.

தன் உழைப்பைத் தன் மொழியில் எண்ணத் தெரிந்தவரை ஏமாற்றுதல் அரிது. அதனால்தான் எண்ணும் சொல் தமிழாக வேண்டும். ‘பேர்’ என்பது தமிழனின் பெயராகவும் தமிழரின் தொகையாகவுமே இருக்கட்டும். இணைக்கு இணையே போதும்.