முளைகட்டும் பயறைத் தனியே எடுத்து வையுங்கள்

டெல்டாவில் தை மாதம் நெல் தரிசில் தெளித்த பாசிப்பயறு பங்குனியில் களத்துக்கு வந்துவிடும். விற்றது போக, விதைக்குக் கொஞ்சமும் வீட்டுக்குக் கொஞ்சமும் நிறுத்தி வைப்பது வழக்கம். முளைகட்டிய பயறு இன்று கிராமத்து வீடுகளிலும் காலை உணவாகி வருவதால், இவ்விரண்டையும் ஒரே மூட்டையில் வைக்கக் கூடாது.

பயறு விதைக்கு கிலோவுக்கு 2 கிராம் கார்பென்டசிம் அல்லது திரம் கலந்து விதை நேர்த்தி செய்யப் பரிந்துரைக்கிறோம். இதில் கார்பென்டசிம் ஊடுருவும் தன்மை கொண்டது. முளைக்கும் செடிக்குள்ளும் செல்லும். நேர்த்தி செய்து மிஞ்சிய விதையைக் கழுவினால் மேலே உள்ள சாயம் போகும். உள்ளே சென்ற மருந்து போகாது. அதை முளைகட்டவோ, கோழிக்கும் மாட்டுக்கும் போடவோ கூடாது.

மருந்து படாத பயறிலும் கவனம் தேவை. பயறை முளைக்க வைக்கும் அதே ஈரமும் வெதுவெதுப்பும் நோய்க்கிருமிகளையும் பெருக்கும். 2011-இல் ஜெர்மனியை உலுக்கிய ஈ-கோலி நோய்ப் பரவலில் சுமார் 4,000 பேர் பாதிக்கப்பட்டனர். 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எகிப்திலிருந்து இறக்குமதியான வெந்தய விதையை முளைகட்டி உண்டதே காரணமாக இருக்கலாம் என விசாரணையில் தெரியவந்தது. நம் களங்கள் சாணம் மெழுகியவை, மாடுகள் நடமாடுபவை. ஆகவே உணவுக்கான பயறைத் தார்ப்பாயில் அடித்து, அதிலேயே காய வையுங்கள்.

முளைகட்டும் முறை எளிது. உடைந்த, பூச்சி அரித்த மணிகளைப் பொறுக்கி நீக்கி, நன்கு கழுவி, காய்ச்சி ஆறிய நீரில் 8 மணி நேரம் ஊற வையுங்கள். நீரை வடித்து, வெந்நீரில் அலசிய பருத்தித் துணியில் கட்டி, காலையும் மாலையும் சுத்தமான நீரில் அலசுங்கள். பிசுபிசுப்போ புளித்த வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள். முளைத்ததை அன்றே வேகவைத்து உண்பது நல்லது. வைட்டமின் சி சற்றுக் குறைந்தாலும் கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோருக்குப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. விதைப்புக்கு முன், நேர்த்தி செய்யாத விதையில் 100 மணிகளை எண்ணி ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். 75-க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை நம்பி வயலில் இறங்க வேண்டாம். சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்புத்திறனும் அதுவே.

விதை நேர்த்தி செயல்விளக்கம் நடத்தும் வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருந்து கலக்கும் முறையைச் சொல்லும்போதே, வீட்டுப் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். செலவில்லாத இந்த ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தைக் காக்கும்.