பெரியப்பா கேட்ட பாட்டு

இசைக் கலைஞர்களின் நினைவுக் குறிப்புகளை இலக்கிய வாசகர்கள் பொதுவாக மதிப்பதில்லை. அவற்றில் பல, கலைஞர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியவை. வாரப் பத்திரிகையில் தொடராக வந்து பின்னர் நூலானவை. எல்லோரும் நல்லவர்களாகவும் எல்லாப் பாட்டும் அரை மணி நேரத்தில் பிறந்ததாகவும் அவற்றில் வரும். ஆண்டுகள் முன்பின்னாக இருக்கும். இந்தக் குறைகளை நான் மறுக்கப் போவதில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகளாக இத்தகைய நூல்களைத் தேடித் தேடி வாசித்து வருகிறேன். ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனால் நாவல்களுக்கு முன்பாக இவற்றைத்தான் கை தேடுகிறது. அதற்கான காரணத்தைச் சென்ற ஆண்டுதான் ஓரளவு புரிந்துகொண்டேன்.

முதலில் நூல்களைப் பற்றி. இசையை இவை விளக்குவதில்லை. ஒரு மெட்டு ஏன் நெஞ்சை அறுக்கிறது என்பதை அதைப் போட்டவராலேயே சொல்ல முடிவதில்லை. "வந்தது, போட்டேன்" என்று முடித்துவிடுகிறார். ஆனால் யாருக்கு என்ன கடன்பட்டோம் என்பதை இவர்கள் சொல்வதுபோல் எழுத்தாளர்கள் சொல்வதில்லை. எழுத்தாளனின் தன்வரலாற்றில் அவன் பெரும்பாலும் தானாகவே முளைத்தவன். பாடகனின் தன்வரலாற்றில் பக்கத்துக்குப் பக்கம் குருமார்கள், அண்ணன்மார், பசித்தபோது சோறு போட்டவர்கள். மைசூர் வாசுதேவாச்சாரியார் கன்னடத்தில் எழுதிய 'நா கண்ட கலாவிதரு' இதன் உச்சம். 'நான் கண்ட கலைஞர்கள்' என்று பொருள்படும் அந்நூலில் அவர் ஒரு மூலையில் நிற்கிறார்; மேடை முழுவதும் மற்றவர்களுக்கு.

நம் பகுதியோடு தொடர்புள்ள ஒரு கடன் கதை உண்டு. எம்.எஸ். விஸ்வநாதன் பல இடங்களில் சொல்லி வந்தது. 1940களில் ஜூபிடர் நிறுவனம் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் படமெடுத்துக்கொண்டிருந்தது. அங்கே தேநீர் வாங்கிக் கொடுக்கும் எடுபிடிப் பையனாக விஸ்வநாதன் இருந்தார். இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. 'அபிமன்யு' (1948) படத்தின் ஒரு பாட்டுக்கு மெட்டு அமையாமல் நாயுடு திணறி வெளியே போயிருந்த நேரத்தில், பையன் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டுப் போட்டுப் பார்த்தான். திரும்பி வந்த நாயுடு அதைக் கேட்டார்; அதையே பாட்டாக்கினார்; விஷயம் வெளியே தெரிய வேண்டாம் என்றும் சொல்லிவைத்தார். பின்னர் ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குப் போனது. பலருக்கும் வேலை இல்லை என்றானபோது, அந்த மெட்டு இந்தப் பையனுடையது, இவனை உடன் அழைத்துப் போங்கள் என்று நாயுடுவே முதலாளியிடம் சொன்னார்.

இந்தக் கதையில் என்னைக் கவர்வது திருப்பம் அன்று. சொல்கிற முறை. இன்னொருவர் கையில் இது "என் மெட்டைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார்" என்ற புகாராகியிருக்கும். விஸ்வநாதன் இதைக் கடைசிவரை நன்றியாகவே சொன்னார். 1979இல் நாயுடு மறையும்வரை அவரைப் பேணியவரும் அவரே. அதே கோவைக் கூடத்தில் நாயுடுவிடம் இருந்த ஜி.கே. வெங்கடேஷ் பின்னர் விஸ்வநாதனுக்கு உதவியாளரானார்; அந்த வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர் இளையராஜா. ஒரு எடுபிடிப் பையனைப் பற்றிய ஒரு வார்த்தை அன்று சொல்லப்படாமல் போயிருந்தால், நம் காதுகளுக்குள் இருக்கும் முப்பது ஆண்டுக் காலம் வேறாக இருந்திருக்கும். இதைச் சொல்ல ஆய்வு நூலால் ஆகாது. அந்தப் பையன்தான் சொல்ல வேண்டும்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்திலும் நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஏடு தேடிய பகுதிகளை அல்ல. அவர் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்குகிறார். அது மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு உவப்பாக இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிடுகிறார். தமிழுக்காக இசையை விட்ட அந்த இளைஞர், முதிர்ந்த வயதில், 1936இல், அதே பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். கனம் கிருஷ்ணையருக்கும் மகா வைத்தியநாதையருக்கும் எழுதினார். பாதியில் விட்ட பாடத்துக்குச் செலுத்திய கட்டணம் என்றே அவற்றை நான் வாசிக்கிறேன்.

இனி என் கதை. பெருந்துறையில் இருந்த காசநோய் மருத்துவமனையை எங்கள் பக்கத்தில் சானடோரியம் என்றே சொல்வோம். இன்று அங்கே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்ப் பெயராகச் சானடோரியம் நிலைத்துவிட்டது. 1974இல் என் பெரியப்பா அங்கே பல மாதங்கள் படுத்திருந்தார். எனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மாவோடு தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு போவேன். கட்டிலருகே போகக்கூடாது, சன்னலோரம் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். உள்ளே யாரோ ஒருவருடைய டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். அங்கே எஸ். ஜானகி பாடிய ஒரு பாட்டைப் பெரியப்பா கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது என் மனத்தில் படமாக நின்றது. விஸ்வநாதன் இசையமைத்த 'அவர்கள்' படத்துப் பாட்டு அது. வாழ்நாளெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்கும்போது வேப்பம்பூ வாசம் வரும். நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது தொண்டை அடைத்ததும் உண்டு.

'அவர்கள்' 1977இல் வந்த படம். பெரியப்பா இறந்தது 1975இல்.

விஸ்வநாதனின் நினைவுகளில் ஏதோ ஓர் ஆண்டுக் குழப்பத்தைச் சரிபார்க்கப் போய்த்தான் இதைக் கண்டுபிடித்தேன். பிறர் பிழையைத் திருத்தப் போனவன் கையில் என் பிழை சிக்கியது. இரண்டு நாள் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. பிறகு பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். தொண்ணூறைத் தொடும் வயது, காது மந்தம், நினைவு தெளிவு. சானடோரியத்தில் பெரியப்பா என்ன பாட்டுக் கேட்பார் என்று சத்தமாகக் கேட்டேன்.

"பாலும் பழமும் பாட்டுத்தான் கண்ணு. அது வந்தா பக்கத்துக் கட்டல்காரரு ரேடியோவ அமத்தப் போவாரு. இவரு, அதைய அமத்தாதீங்க, பாடட்டும்பாரு. நீயும் கூடத்தான நின்னுட்டிருந்த?"

'பாலும் பழமும்' (1961) படத்தில் மருத்துவரின் மனைவிக்குக் காசநோய் வருகிறது. கணவனை விட்டு அவள் விலகிப் போகிறாள். விஸ்வநாதன், ராமமூர்த்தி இசை. அந்தப் பாட்டை அந்தக் கூடத்தில் ஏன் ஒருவர் நிறுத்தப் போனார், ஏன் மற்றவர் நிறுத்தவிடவில்லை என்பது எட்டு வயதில் எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் ஏதோ தெரிந்திருக்கிறது. அந்தப் பாட்டைத் தூக்கி எங்கோ எறிந்துவிட்டு, பின்னாளில் நானாகக் கேட்டு மயங்கிய, நோய்வாடை இல்லாத ஒன்றை அந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து கலைஞர்களின் ஆண்டுக் குழப்பங்கள் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. ஆண்டுகளைத் திருத்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்; அது அவசியமான வேலைதான். ஆனால் ஒருவர் எதை எதோடு சேர்த்து நினைவு வைத்திருக்கிறார், எதன் இடத்தில் எதை வைத்திருக்கிறார் என்பது அவரைத் தவிர வேறு யாரிடமும் கிடைக்காத செய்தி. பாப் டிலன் தம் நினைவு நூலில் (2004) உலகமே கேட்க விரும்பிய புகழின் உச்ச ஆண்டுகளைப் பெரிதும் தாண்டிப் போய், நியூயார்க்கில் யாருக்கும் தெரியாமல் அலைந்த நாட்களில் பக்கம் பக்கமாகத் தங்குவதையும் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன்.

எனக்கிருக்கும் குறை வேறு. இந்த நூல்கள் போதாது. எங்கள் பக்கத்துக் கொடுமுடியில் பிறந்து, சிறுமியாக ரயிலில் பாடி, 1933இல் கிட்டப்பா இறந்தபின் வெள்ளை உடைக்கு மாறி, 'நந்தனா'ருக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்ற கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கையைப் பிறர் எழுதியதன் வழியாகத்தான் அறிகிறோம். என் அம்மிச்சிக்கு அவர் குரல் கோயில் மணிபோல. அந்தக் குரல் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதை யார் சொல்வது? எங்கள் சீர்களில் விடிய விடிய வாசித்த நாதசுரக்காரர்கள், ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசையின் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள், இவர்களைக் கேட்டு எழுதியது எவ்வளவு? நடை சரியில்லை என்று முகம் சுளிக்கும் இலக்கியக்காரர்களில் சிலர் ஆளுக்கொரு முதியவரிடம் ஒரு மாதம் உட்கார்ந்தால் நடையும் சரியாகிவிடும்.

பெரியம்மாவிடம் நானும் இப்போது வாரம் ஒருமுறை போய் உட்காருகிறேன். போன வாரம் கைப்பேசியில் 'பாலும் பழமும்' பாட்டைப் போட்டு அவர் காதருகே பிடித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இது கொஞ்சம் வேகமாப் பாடுது" என்றார்.