அர்பாஸ் மிர்ருக்கு ஏன் சின்ன வேஷம்?

கம்ப்யூட்டர் கேம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது துப்பாக்கியும் காரும்தான். ஒன்று சுட வேண்டும், இல்லையென்றால் ஓட்ட வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல், எதிரியின் கண்ணில் படாமல் பதுங்கிப் பதுங்கிப் போவதையே விளையாட்டாக வைத்த கேம்களும் உண்டு. இவற்றை 'ஸ்டெல்த்' கேம் என்கிறார்கள். அதோடு தாவுவது, விளிம்பைப் பிடித்துத் தொங்குவது, சுவர் ஏறுவது எல்லாம் சேர்ந்துவிட்டால் அது 'ஸ்டெல்த் பிளாட்ஃபார்மர்'. சிறு வயதில் தெருவில் ஆடிய கண்ணாமூச்சியையும் மதில் ஏறிக் குதிப்பதையும் ஒன்றாகக் கலந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகையில் வந்த 'அசாசின்ஸ் கிரீட் குரோனிக்கிள்ஸ்' வரிசை பலருக்கு மறந்தே போயிருக்கும். மூன்றே மூன்று கேம்கள். சீனாவில் நடக்கும் கதை 2015 ஏப்ரலிலும், இந்தியாவில் நடக்கும் கதை 2016 ஜனவரியிலும், ரஷ்யாவில் நடக்கும் கதை அதற்கடுத்த மாதமும் வெளிவந்தன. நடுவில் உள்ள இந்தியக் கதைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். உலகம் முழுவதும் விற்கும் ஒரு பெரிய கேம் வரிசையில் நம் நாட்டுக்காரர் ஒருவர் ஹீரோவாக வந்தார். வந்த சுவடே தெரியாமல் போயும் விட்டார். அது ஏன் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் தொட்ட அண்ணன்மார்கள் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை மறந்திருக்க மாட்டார்கள். ஜோர்டன் மெக்னர் என்பவர் ஏறத்தாழ தனி ஆளாக உருவாக்கி 1989-ல் வெளியிட்ட கேம் அது. தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்தார். அதனால்தான் அந்த வெள்ளைச் சட்டை இளவரசன் அவ்வளவு இயல்பாகத் தாவினான். பின்னாளில் யுபிசாஃப்ட் நிறுவனம் அந்த இளவரசனுக்கு ஒரு புதிய பாகம் செய்யப் புறப்பட்டு, இளவரசனைக் காக்கும் கொலையாளி ஒருவனைக் கதைக்குள் கொண்டுவந்து, கடைசியில் இளவரசனையே கழற்றிவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் 2007-ல் வந்த முதல் 'அசாசின்ஸ் கிரீட்'. ஆக, பக்கவாட்டில் ஓடித் தாவும் குரோனிக்கிள்ஸ் கேம்கள் ஒரு வகையில் பேரன் தாத்தா வீட்டுக்குத் திரும்பிய கதை எனலாம்.

சீனக் கதையில் ஷாவ் ஜுன் என்ற பெண். காலம் 1526, மிங் வம்ச ஆட்சி. ரஷ்யக் கதையில் நிக்கோலாய் ஓரெலோவ். காலம் 1918, புரட்சிக்கு அடுத்த ஆண்டு. சீனாவை மை தடவிய தூரிகை ஓவியம் போலவும், ரஷ்யாவைப் புரட்சிக் காலச் சுவரொட்டி போல சாம்பலும் சிவப்புமாகவும் வரைந்திருப்பார்கள். மூன்றையும் செய்தது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் உள்ள கிளைமாக்ஸ் ஸ்டூடியோஸ்.

இந்தியக் கதையின் காலம் 1841. பஞ்சாப் சிங்கம் ரஞ்சித் சிங் 1839-ல் இறந்து, சீக்கியப் பேரரசு வாரிசுச் சண்டையில் ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரம். கிழக்கிந்தியக் கம்பெனி எல்லையில் காத்திருந்த நேரமும் அதுதான். ஹீரோ அர்பாஸ் மிர். அவன் காதலி பியாரா கௌர், ரஞ்சித் சிங்கின் பேத்தியாகக் கற்பனை செய்யப்பட்ட பாத்திரம். கதை சுற்றுவது நாம் எல்லோரும் கேள்விப்பட்ட கோஹினூர் வைரத்தை. நிஜத்தில் அந்த வைரம் 1849-ல் பஞ்சாப் வீழ்ந்த கையோடு பிரிட்டிஷார் கைக்குப் போனது என்பது பள்ளிப் பாடம்.

விளையாடும் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு காவலாளியின் கண்ணிலிருந்தும் ஒரு கூம்பு வடிவ ஒளி நீளும். அதற்குள் நீங்கள் வந்தால் மாட்டிக்கொண்டீர்கள். வேகமாக ஓடினால் உங்களைச் சுற்றி ஒரு வட்டம் விரியும். அதுதான் உங்கள் காலடிச் சத்தம் எட்டும் தூரம். விசில் அடித்து ஒருவனைத் திருப்பலாம், புகை குண்டு போடலாம், வாசல் மறைவில் ஒதுங்கலாம். எதிரி எங்கே பார்க்கிறான், எதைக் கேட்கிறான் என்ற விவரம் முழுக்க திரையிலேயே இருக்கிறது. நான் தொழிலில் சாஃப்ட்வேர் எஞ்சினியர். புரோகிராமில் பிழை தேடுபவனுக்கு உள்ளே நடப்பதெல்லாம் இப்படிக் கண்ணுக்குத் தெரிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று பொறாமைப்பட்டதுண்டு!

மதிப்பெண் கொடுக்கும் விதம் இன்னும் அழகு. ஒவ்வொரு பகுதியையும் மூன்று விதமாகக் கடக்கலாம். யார் கண்ணிலும் படாமல், யாரையும் தொடாமல் போனால் 'ஷேடோ', அதாவது நிழல். கொல்லாமல் மயக்கிப் போட்டால் 'சைலன்சர்'. கொன்று தீர்த்தால் 'அசாசின்'. இதில் அதிக மதிப்பெண் நிழலுக்குத்தான்! பெயரிலேயே கொலையாளி இருக்கும் ஒரு கேம், கொல்லாமல் போனவனுக்கு முதல் பரிசு கொடுக்கிறது. வீட்டில் பிள்ளைகள் கேம் ஆடுவதைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோர்கள் இதைக் கவனிக்கலாம். அதற்காக இது ரத்தமே இல்லாத கேம் என்று நினைத்துச் சின்னஞ்சிறுசுகள் கையில் கொடுத்துவிட வேண்டாம். கத்தி உண்டு, கொலை உண்டு.

அர்பாஸ் கையில் உள்ள ஆயுதம் சக்கரம். விளிம்பு கூரான இரும்பு வளையம். சீக்கியர்களில் நிஹாங் பிரிவினர் உயரமான தலைப்பாகையைச் சுற்றி இதை அடுக்கி வைத்திருப்பார்கள். போரில் எடுத்து வீசுவார்கள். கேமில் இதைச் சுவரில் பட்டுத் தெறிக்கும்படி வீசி, எட்டாத இடத்தில் உள்ள கயிற்றை அறுக்கலாம். கோணம் பார்த்து வீசுவது கேரம் போர்டில் 'ரீபவுண்ட்' அடிப்பது போலத்தான். வெளிநாட்டுக்காரர்களுக்கு இது புதுமை. நமக்குக் கை தானாகவே கணக்குப் போடும்.

குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. பதுங்கிப் பழகிய கையை, இடிந்து விழும் இடத்தில் தலைதெறிக்க ஓடச் சொல்லும் பகுதிகள் வருகின்றன. அரை நொடி தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து. பொறுமையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவசரத்தில் பரீட்சை வைப்பது என்ன நியாயம்? அமிர்தசரஸில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் பேசுவது ஆங்கிலம்.

எனக்கு உறுத்திய பெரிய விஷயம் வேறு. விடுமுறைக்கு சேக்காடு வந்திருந்த அக்கா மகன், ஏழாம் வகுப்பு, இதை ஆடிக்கொண்டிருந்தான். திடீரென்று "மாமா, இந்த வெள்ளைக்காரங்க நிஜமாவே இருந்தாங்களா, இல்ல கதையா?" என்று கேட்டான். நிஜமாக இருந்தவர்கள்தான். கேமில் வில்லன்களாக வரும் வில்லியம் ஸ்லீமன், தக்கர்களை ஒடுக்கியதாகப் பெயர் பெற்ற கம்பெனி அதிகாரி. மத்தியப் பிரதேசத்தில் அவர் பெயரில் ஸ்லீமனாபாத் என்று ஓர் ஊரே இருக்கிறது. அலெக்சாண்டர் பர்ன்ஸ், 1841 நவம்பரில் காபூலில் கிளர்ந்தெழுந்த கூட்டத்தால் கொல்லப்பட்டவர். ஆனால் கேமின்படி இருவரும் 'டெம்ப்ளர்' என்ற ரகசியச் சங்கத்தின் ஆட்கள். உலகை ஆள ஒரு மந்திரப் பொருளைத் தேடி அலைபவர்கள்.

அவனுக்கு நான் சொன்னது, ஆட்கள் நிஜம், சங்கம் கதை என்று. சொல்லிவிட்டாலும் மனது ஆறவில்லை. கம்பெனி இந்தியாவில் செய்ததற்கு ரகசியச் சங்கம் எதற்கு? அவர்களுடைய வரவு செலவுப் புத்தகமே போதுமே! வரியும், கடனும், வாரிசுச் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு மறுபக்கத்தைக் கவிழ்ப்பதும் எல்லாம் பட்டப்பகலில் கையெழுத்துப் போட்டு நடந்தவை. கேமில் இதையெல்லாம் மாயக் கல் ஒன்று விழுங்கிவிடுகிறது. ஏழாம் வகுப்புப் பையனுக்குப் பாடப் புத்தகத்தில் பஞ்சாப் இரண்டு பத்தி. கேமில் பல மணி நேரம். எது மனதில் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்குப் பதிலாக, கேம்தானே, பொழுதுபோக்குதானே என்பார்கள். சரி. ஆனால் அதே நிறுவனம் புரட்சிக் காலப் பாரிசுக்கும் (2014) விக்டோரியா கால லண்டனுக்கும் (2015) தெருத் தெருவாக உழைத்துப் பிரம்மாண்டமான கேம்கள் செய்தது. பிறகு எகிப்து, கிரேக்கம், பாக்தாத். பல ஆண்டுகளாக ரசிகர்கள் கேட்ட ஜப்பானும் 2025-ல் வந்துவிட்டது. இந்தியாவுக்குக் கிடைத்தது பக்கவாட்டில் ஓடும் சின்ன கேம். அந்த லண்டன் கேமில் உதவிக்கு வரும் ஹென்றி கிரீன் என்ற பாத்திரம் யார் தெரியுமா? இயற்பெயர் ஜெயதீப் மிர், நம் அர்பாஸின் மகன். பெயரை மாற்றிக்கொண்டு லண்டனில் கடை வைத்திருக்கிறான். அப்பாவுக்குச் சின்ன கேம், மகனுக்குத் துணை நடிகர் வேஷம்!

யுபிசாஃப்ட்டுக்கு புனேயில் 2008 முதலே ஸ்டூடியோ உண்டு, பின்னர் மும்பையிலும் வந்தது. இருந்தும் இந்தியக் கதை போர்ட்ஸ்மவுத்துக்குப் போனது. புனேயும் மும்பையும் தலைமை ஏற்ற பெரிய வேலை ஒன்று உண்டு. அது 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேமின் புதிய வடிவம். 2020-ல் அறிவித்தார்கள். முதல் டிரெய்லரைப் பார்த்தவர்கள் கிராபிக்ஸ் பழையதாக இருக்கிறது என்று கிண்டல் செய்ய, தேதி தள்ளிப் போய், 2022 மே மாதம் வேலை கனடாவின் மான்ட்ரியலுக்கு மாற்றப்பட்டது. யார் பக்கம் எவ்வளவு தவறு என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எவருக்கும் அந்தச் செய்தியைப் படித்தபோது ஏற்பட்ட உணர்வு புரியும். ஊர் ஊராக வேறொருவர் எழுதிய புரோகிராமைப் பராமரித்தே பழக்கப்பட்டவர்கள் நாம். முதல் முறை தடுக்கினால் இரண்டாவது வாய்ப்பு எளிதில் வராது.

சரி, நாமே செய்தால் எதைச் செய்யலாம்? எங்கள் ஆவடி வழியாகப் போகும் ரயில் பாதையிலேயே அரக்கோணம் தாண்டிப் போனால் காட்பாடி. பக்கத்தில் வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10, அதிகாலை. தலைப்பாகையை மாற்று, தாடியை எடு, நெற்றிக் குறியை அழி என்ற உத்தரவுகளால் கொதித்த சிப்பாய்கள், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வெள்ளையர் படைமீது பாய்ந்தார்கள். திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டைக்குள் காவலில் இருந்தார்கள். திப்புவின் கொடி ஏறியது. ஆனால் வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குத் தகவல் அனுப்ப, கில்லெஸ்பி தலைமையில் குதிரைப்படை காலையிலேயே வந்து சேர்ந்து, எழுச்சியை ரத்தத்தில் அடக்கியது.

இதில் ஸ்டெல்த் கேமுக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. அகழி, மதில், கொத்தளம், மாறி மாறி நடக்கும் காவல், விடியும் முன் முடிக்க வேண்டிய வேலை, ஆற்காட்டுக்குப் போகும் செய்தி. மாயக் கல் எதுவும் தேவையில்லை. அகழியும் மதிலும் இன்றும் நிற்கின்றன. கேமரா எடுத்துக்கொண்டு போய் அளந்து வரலாம். பெரிய முதலீடு வேண்டும் என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து, டொரொண்டோவில் ஒரு சிறு குழு செய்த 'வெண்பா' 2023-ல் வந்தது. இட்லியும் பிரியாணியும்தான் அதில் புதிர். அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது. பக்கவாட்டுப் பார்வை கேம்கள் சின்னக் குழுக்களுக்கு ஏற்றவை. திறந்த நகரம் முழுவதையும் கட்ட வேண்டியதில்லை. ஒரு மதிலை ஒழுங்காகக் கட்டினால் போதும்.

குரோனிக்கிள்ஸ் ஆட விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். எங்கள் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ரெசல்யூஷனைக் குறைத்து வைத்தால் ஓடுகிறது. 2021 நவம்பரில் மூன்றையும் சில நாட்கள் இலவசமாகவே கொடுத்தார்கள். அப்போது வாங்கிப் போட்டவர்கள் தங்கள் அக்கவுண்ட்டைத் திறந்து பாருங்கள், இருந்தால் உடனே டவுன்லோடு செய்து ஆடிவிடுங்கள். அவசரப்படுத்தக் காரணம் உண்டு. இதே நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதைத் திறக்க முடியவில்லை. அது இணையத்தை நம்பிய கேம், இது தனியாக ஆடுவது. ஆனாலும் இரண்டுக்கும் அக்கவுண்ட் ஒன்றுதானே? முதலில் சீனாவை ஆடிவிட்டு இந்தியாவுக்கு வாருங்கள். அப்படியே நேராக இந்தியாவில் இறங்கினால் நான்காவது காவலாளியிலேயே கோபம் வந்துவிடும். ஓடும் பகுதிகளுக்கு மட்டும் கீபோர்டு சரிப்படாது. பக்கத்து வீட்டில் கேம்பேட் இருந்தால் இரண்டு நாள் கடன் கேளுங்கள்.