வீட்டுக் கடற்றொட்டிக்கு ஏற்ற மீன்கள் எவை?

கடுகண்ணாவைக் கணவாயின் மேலே வாழ்கின்ற நமக்குக் கடல் அண்மையில் இல்லை. கொழும்புக் கரை தரைவழியே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. ஆதலால், முருகைக் கற்பாறைகளினிடையே விளையாடும் வண்ண மீன்களை வீட்டுக் கூடத்திலே வைத்துப் பார்க்கவேண்டும் என்னும் ஆசை மலைநாட்டுப் பிள்ளைகளின் உள்ளத்தில் எழுவது இயல்பே. அவ்வாசை நல்லாசைதான். ஆயினும், அதனை நிறைவேற்றப் புகுமுன் பெற்றோரும் மாணவரும் கூடியிருந்து ஆராயவேண்டியவை சில உள. அவற்றை இவ்வாரம் நோக்குவோம்.

முதலில் ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். கடைகளில் விற்கப்படும் நன்னீர் மீன்களுட் பெரும்பாலானவை பண்ணைகளிற் பிறந்தவை. தொட்டியையன்றி வேறு உலகம் அறியாதவை. கடல் மீன்களோ அவ்வாறல்ல. அவற்றுட் பல பாறைகளினிடையே சுயேச்சையாகத் திரிந்து, வலையில் அகப்பட்டு, பொலித்தீன் பையிலே பயணஞ் செய்து நம்மிடம் வருபவை. நாம் தவறான மீனைத் தேர்ந்தால் இழப்பு நம் பணத்தோடு முடிவதில்லை. பாறையிற் பல்லாண்டு வாழவேண்டிய ஓர் உயிர் சில வாரங்களில் மடிகின்றது. அவ்விடத்தை நிரப்ப மற்றொன்று பிடிக்கப்படுகின்றது.

மீனுக்கு முன்னே நீரைப் பற்றி நினைக்கவேண்டும். கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. 200 லீற்றர் தொட்டிக்கு 7 கிலோ உப்பு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். சமையல் உப்பு இதற்கு உதவாது. கல்சியம், மகனீசியம் முதலிய கனிமங்கள் தக்க அளவிற் கலந்த கடலுப்புக் கலவையே வேண்டும். குழாய்நீரிற் குளோரீன் இருப்பின் அதனை நீக்கிய பின்னரே உப்பைக் கரைக்கலாம். தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது நீர் மாத்திரமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகையால் குறைந்த அளவை நன்னீராலேயே நிரப்பவேண்டும். உப்புநீரால் நிரப்பின் உவர்ப்பு நாளுக்கு நாள் ஏறி மீன்கள் வாடும்.

வெப்பநிலை 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை நிலையாக இருத்தல் நன்று. மார்கழி, தை மாத இரவுகளில் நம் ஊர்க் குளிர் இவ்வளவுக்குக் கீழே இறங்குவதால், கொழும்பு வீட்டார்க்கு வேண்டாத சூடேற்றி நமக்கு வேண்டியதாகின்றது.

தொட்டியை நிரப்பிய அன்றே மீன் விடுவது பெருந்தவறு. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சாகும். அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்ற பற்றீரியாக்கள் கற்களிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். சோதனைக் குப்பியில் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லை என்று கண்ட பின்னரே முதல் மீனுக்கு இடமுண்டு. இரசாயனம் கற்கும் மாணவருக்கு இவ்வாறு வாரங்கள் நல்லதொரு செய்முறைப் பாடமாகும்.

இனி, மீன்களைத் தேர்வோம். அழகைக் கண்டு மயங்கி வாங்கக்கூடாதவற்றை முதலிற் கூறிவிடுவது நலம். வண்ணாத்தி மீன்களுட் பல இனங்கள் உயிருள்ள முருகையையே மேய்ந்து வாழ்பவை. அவற்றை முருகைத் தொட்டியில் விட்டால் முருகை அழியும். முருகையில்லாத் தொட்டியில் விட்டால் மீன் பட்டினியால் இறக்கும். பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கியுண்ணும் துப்புரவு மீனும் இத்தகையதே. பாறையில் அதற்கு நாள்முழுவதும் வாடிக்கையாளர் வருவர். சிறு தொட்டியில் யார் வருவர்? கலவாயும் சிங்க மீனும் தம் வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் விழுங்கிவிடும். கிளாத்தி இனத்தவை நண்டு, இறால், சிப்பி யாவற்றையும் உடைத்துத் தின்னும். இறகுபோன்ற செட்டையுடைய வௌவால் மீனின் குஞ்சு கையளவிற் கவர்ச்சியாய்த் தோன்றும்; வளர்ந்தால் அரை மீற்றரையும் தாண்டும். நம் கடலிற் காணப்படும் வெளிர்நீல ‘பௌடர் புளூ டாங்’ மிக அழகியது. ஆனால் ஓயாது நீந்த நீண்ட வெளி வேண்டுவது, நோய்க்கும் எளிதில் இலக்காவது. புதிதாகத் தொடங்குவோர் அதனை விலக்குவதே அறிவுடைமை.

ஏற்றவை எவை? கோமாளி மீனை முதலிற் சொல்லலாம். 2003 ஆம் ஆண்டில் வெளியான ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படத்தினால் இதனை அறியாத பிள்ளை இல்லை. இது தொட்டியிற் பிறந்து வளரக்கூடியது என்பதே இதன் முதற் சிறப்பு. பாக்கு நீரிணைக்கு அப்பால், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் இம்மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கஞ் செய்து காட்டியுள்ளனர். கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்திற் பெரியது பெண்ணாக மாறுகின்றது. ஆதலால் இளம் மீன்கள் இரண்டை ஒருங்கே வாங்கின், காலப்போக்கில் அவை தாமே சோடியாகிவிடும். இவற்றுக்குக் கடற்சாமந்தி கட்டாயம் வேண்டும் என்பது தவறான எண்ணம். கடற்சாமந்தி வலிய ஒளியும் முதிர்ந்த தொட்டியும் வேண்டுவது. அதனைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தோனேசியாவின் சுலாவெசிப் பக்கத்துக் கார்டினல் மீனும் சாதுவானது. தந்தை மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் விந்தையைப் பிள்ளைகள் கண்டு வியப்பர். இதனையும் வளர்ப்பில் பிறந்ததாகவே கேட்டு வாங்குதல் நன்று. மணலில் வாழும் சிறு கோபி மீன்கள் மற்றுமொரு நல்ல தேர்வு. அவற்றுட் சில ஒருவகை இறாலோடு கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. பார்வை மங்கிய இறால் வளை தோண்டும். கோபி வாயிலிற் காவல் நிற்கும். ஆபத்துக் கண்டால் வாலசைத்து அறிவிக்கும். நெருப்புக் கோபியும் அமைதியானதே. ஆயினும் துள்ளி வெளியே விழும் இயல்புடையதாகையால் தொட்டிக்கு வலைமூடி வேண்டும்.

எத்தனை மீன், எந்த ஒழுங்கில் என்பதும் முக்கியம். 200 லீற்றர் தொட்டிக்குச் சிறு மீன்கள் நான்கைந்து போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாது, சில வார இடைவெளியில் ஒன்றிரண்டாக விடவேண்டும். சாதுவானவை முன்னும் முரடானவை பின்னும் செல்லவேண்டும். முன்வந்தது இடம் முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும் இயல்புடையது. கறுப்பு உடலில் மூன்று வெண்புள்ளி கொண்ட டம்செல் குஞ்சை முதலில் விட்டவர், பின்னர் வந்த மீன்களெல்லாம் மூலையில் ஒடுங்குவதைக் காண்பர்.

கடைக்குச் சென்றால், மீன் உண்பதைக் கண்ணாற் கண்ட பின்னரே பணங்கொடுக்க வேண்டும். கண் தெளிவாயிருக்கிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, செவுள் விரைந்து துடிக்கிறதா என்பன கவனிக்கத்தக்கவை. வீட்டுக்கு வந்ததும் வேறொரு சிறு தொட்டியில் நான்கு வாரமளவு தனித்து வைத்து, வெண்புள்ளி நோய் இல்லையென உறுதிசெய்துகொள்வது நன்று. செப்பு மருந்தை அத்தனித்தொட்டியிலேயே இடலாம். பெருந்தொட்டியில் இட்டால் முருகையும் இறாலும் மடியும்.

மீன் எங்கே, எவ்வாறு பிடிக்கப்பட்டது என்றும் கேட்போமாக. இலங்கைக் கடலில் வண்ண மீன் பிடிக்குந் தொழில் நெடுநாளையது. நீர்மூழ்குவதிற் புகழ்பெற்ற றொட்னி ஜொங்க்ளாஸ் அக்கலையைப் பற்றி 1975 இல் ஒரு நூலே வெளியிட்டார். கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடிப்பவரும் உளர். பாறையை உடைத்துப் பிடிப்பவரும் உளர். 1998 இல் கடல் வெப்பமேறியபோது இக்கடுவை முதலிய இடங்களில் முருகைகள் வெளிறி மடிந்தன. அத்தகைய பாறைக்கு நம் கையாலும் ஊறு நேரலாகாது. நம் நாட்டிற் கல் முருகைகள் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. சுற்றுலா சென்ற இடத்திற் பெயர்த்து வருவது குற்றமாகும். சுட்ட களிமண்ணாலும் சீமெந்தாலும் செய்த செயற்கைப் பாறை மீனுக்கு ஒளிவிடம் ஆகும், பற்றீரியாவுக்கும் வீடாகும்.

இறுதியாக ஒரு சொல். 2022 இல் நாடு நீண்ட மின்வெட்டுகளைக் கண்டது. நீரோட்டம் நின்றால் ஒட்சிசன் குறைந்து கடல் மீன் சில மணிநேரத்திலேயே திணறும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும். வாரந்தோறும் நீர் மாற்ற ஒருவர், விடுமுறையில் ஊர் சென்றால் உணவிட ஒருவர் என்று குடும்பத்தில் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். இவற்றுக்கு இப்போது வசதியில்லையெனில் குறையொன்றுமில்லை. பண்ணையிற் பிறந்த நன்னீர் மீன்களோடு தொடங்கலாம்; நம் நாட்டுக்கே உரிய செந்நிறச் ‘செரி பார்ப்’ அவற்றுள் ஒன்று. ஓராண்டு அதனைச் செவ்வனே பேணிய பிள்ளையிடம் கடற்றொட்டியை நம்பி ஒப்படைக்கலாம்.