அங்கே உரிமை, இங்கே கலகமா?

2024 அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றிருந்த நம்மிடம் சுங்குவார்சத்திரத்துக் குடும்பத் தலைவர் ஒருவர் வந்தார். "சாமி, பையன் ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் போட்டிருக்கான். குலுக்கல்ல பேர் விழணும், ஜெபம் பண்ணுங்க" என்றார். என்ன வேலை என்று கேட்டோம். "சுத்திப் பார்க்கிற விசாதான் சாமி. நடுநடுவே தோட்டத்துல பழம் பறிச்சுச் சம்பாதிச்சுக்கலாமாம். மணிக்கணக்குல கூலியாம், சட்டமே இருக்காம்" என்றார். முகத்தில் பெருமை மின்னியது. பிறகு நெடுஞ்சாலைப் பக்கம் கையைக் காட்டி, "இங்க இருக்கிறவனுங்க பந்தலைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு ஊரையே கெடுக்கிறானுங்க" என்று சலித்துக்கொண்டார்.

இவ்விரு பேச்சும் ஒரே வாயிலிருந்து வரலாமா? அந்த அன்பர் நல்லவர், கடும் உழைப்பாளி. ஆயினும் அவர் பேச்சு அவருடையது மட்டுமன்று. நம் பங்குகளில் பலரும் அவ்வாறே பேசுகின்றனர். எனவேதான் இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் அந்த விசாவைப் பற்றிச் சில சொற்கள். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2022இல் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையின் பயனாக, 18 முதல் 30 வயது வரையுள்ள இந்திய இளையோர் ஆண்டுக்கு 1,000 பேர் அங்கே ஓராண்டு தங்கிச் சுற்றவும் வேலை செய்யவும் வழி பிறந்தது. 2024 அக்டோபரில் முதற்குலுக்கலுக்குப் பதிவு தொடங்கியதும், இரண்டே வாரங்களில் சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்தனர். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். பெயர் விழுந்தபின் விசாவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கையிருப்பும் காட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டும் தங்க விரும்புவோர், முதல் ஆண்டில் மூன்று மாதம் குறிப்பிட்ட வகை வேலைகளைச் செய்திருக்க வேண்டும். நகரங்களுக்கு அப்பாலுள்ள தோட்டங்களில் பழம் பறிப்பது அவற்றுள் ஒன்று. குலுக்கலில் பெயரை விழச் செய்வதாகப் பணம் கேட்கும் எந்தத் தரகனையும் நம்பாதீர்கள். அது எவர் கையிலும் இல்லை.

இளையோர் அங்கே போவதை நாம் குறைகூறவில்லை. பழம் பறிப்பது நேர்மையான உழைப்பு. நமக்கு உறுத்துவது வேறு. நம் ஊர்க் கொய்யாத் தோட்டத்தில் பழம் பறிப்பவரைக் கூலிக்காரர் என்று ஏளனமாய்ப் பார்க்கிறோம். மகன் வயலில் இறங்கக் கூடாதென்றே அவனைப் படிக்க வைக்கிறோம். அதே மகன் கடல் கடந்து ஆப்பிள் பறித்தால் அது பெருமையாகிவிடுகிறது! உழைப்பின் மாண்பு நாணயத்தின் மதிப்பைப் பொறுத்து ஏறி இறங்குமா?

இனி அந்தக் "கூலிச் சட்ட"த்துக்கு வருவோம். ஆஸ்திரேலியத் தோட்டங்களில் நெடுங்காலம் பறித்த அளவுக்கே கூலி தரும் முறை இருந்தது. பழம் குறைந்த மரத்தடியில் நாள் முழுதும் நின்றவர், அன்றைய உணவுக்கும் படுக்கைக்கும் போதாத காசோடு திரும்பிய நாள்கள் உண்டு. 2021 நவம்பரில்தான் அந்நாட்டின் தொழில் ஆணையம், அளவுக் கூலிக்கு வேலை செய்வோருக்கும் மணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலி உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தற்காலிகப் பணியாளருக்கு அன்று அது மணிக்கு 25.41 டாலர். 2022 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்த வழக்கைத் தொடுத்தது யார்? தோட்ட முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்தார்களா? இல்லை, அவர்கள் தரப்பு எதிர்த்தே வாதிட்டது. வழக்கைக் கொண்டுசென்றது ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம். ஆம், அன்பரே, ஒரு சங்கம்! உங்கள் மகன் உண்ணப்போகும் கனிக்கு நீர் ஊற்றியது அதுதான்.

தங்குமிடத்தின் கதையும் இதுவே. குயின்ஸ்லாந்தின் சில்டர்ஸ் என்னும் சிற்றூரில், தோட்ட வேலைக்கு வந்த இளையோர் தங்கியிருந்த விடுதி 2000 ஜூன் 23 அன்று தீயிடப்பட்டு எரிந்தது. 15 பேர் மாண்டனர். புகையை அறிவிக்க வேண்டிய கருவிகள் வேலை செய்யவில்லை. சில சன்னல்களில் இரும்புக் கம்பிகள் தடுத்தன. அதன் பின்னரே மலிவு விடுதிகளுக்கான தீத்தடுப்பு விதிகள் அங்கே கடுமையாயின.

நம் ஊருக்கு வருவோம். இங்கும் "ஆப்பிள்" உண்டு. ஆனால் அது கைபேசியின் பெயர். 2021 டிசம்பரில், அதைச் செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். சில நாள்களில் ஆப்பிள் நிறுவனமே, விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் நெறிகளுக்கேற்ப இல்லை என்று ஒப்புக்கொண்டது. அப்பெண்கள் சாலையில் அமராதிருந்தால் அந்தச் சொல் பிறந்திருக்குமா?

2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். நம் அன்பர் சலித்துக்கொண்ட பந்தல் அவர்களுடையதே. 37 நாள் நீடித்த அப்போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கை, தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. இடையில் பந்தல் பிரிக்கப்பட்டது, பலர் கைதாயினர். 2025 சனவரியில் சங்கம் பதிவானது. ஆஸ்திரேலியாவில் எதை உரிமையென்று மெச்சுகிறோமோ, அதைப் பெறும் கருவியையே இங்கே இவர்கள் கேட்டனர்.

"சங்கம் வந்தால் ஆலை ஓடிவிடும்" என்பர் சிலர். அதே ஆலையில் மேலும் 1,000 கோடி ரூபாய் முதலீடு வருவதாக 2025 ஏப்ரலில் மாநிலத் தொழில்துறை அமைச்சர் அறிவித்தாரே! "அது செங்கொடியார் சங்கம், நமக்கு ஆகாது" என்பர் வேறு சிலர். சங்கங்கள் தவறே செய்யா என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் தொழிலாளர் கூடிச் சங்கம் அமைப்பது அவர்களது இயல்பான உரிமை என்று 1891இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் "ரேரும் நோவாரும்" மடலில் எடுத்துரைத்துவிட்டார். அவரையும் அம்மடலையும் எண்ணியே தாம் லியோ என்னும் பெயரை ஏற்றதாக இன்றைய திருத்தந்தை 2025இல் கூறினார். கொடியின் நிறம் பிடிக்கவில்லையென்றால், அந்தப் பந்தலில் நாம் முன்னமே போய் அமர்ந்திருக்க வேண்டும். அமர்ந்தோமா?

திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையை ஆண்டுகள் பலவாக நாம் மறையுரையில் விளக்கி வருகிறோம். இறைவனின் இரக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது அறுவடைக் காலக் கூலியாள்களின் கதையும் அல்லவா? கடைசியில் வந்தவர் எத்தனைக் குலை பறித்தார் என்று அந்த உரிமையாளர் எண்ணவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தார். அன்று மாலையே கொடுத்தார். முணுமுணுத்தவர்கள் யார்? அதிகாலையிலேயே வேலை கிடைத்துவிட்டவர்கள்!

நாமும் இன்று அப்படித்தான் முணுமுணுக்கிறோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நம் இறைமக்கள் சிலரின் வீட்டு மாடியறைகளில் நெருக்கியடித்துப் படுத்திருக்கின்றனர். தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறோம். அவர்கள் பெயரைக் கேட்டதுண்டா? அங்கே தோட்டத்து விடுதியில் தன் மகன் நலமாயிருக்க வேண்டுமென்று செபிக்கும் தகப்பன், இங்கே இன்னொரு தகப்பனின் மகனுக்கு என்ன செய்கிறான்?

அந்தக் குடும்பத் தலைவரிடம் அன்று நாம் சொன்னது இதுதான்: "ஜெபிக்கிறோம் அய்யா. உங்கள் பிள்ளையின் பெயரோடு, அந்தப் பந்தலில் இருக்கும் பிள்ளைகளையும் சேர்த்தே ஜெபிக்கிறோம்." அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பிறகு தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் நமக்கு நம்பிக்கை உண்டு.