கடைசி வரியைப் பார்த்து ரெய்டைத் திட்டாதீங்க

போன வாரம் நண்பர் ஒருத்தர் செல்போனில் பிடிச்ச படம் ஒண்ணு அனுப்பியிருந்தார். கருப்புத் திரை. அடியில் 'கெர்னல் பேனிக்'. அதுக்கு மேலே தலை வெட்டுப்பட்ட இருபது வரி, நடுவில் ரெய்டு5 என்று ஆரம்பிக்கிற ஒரு பெயர். கூடவே தீர்ப்பும்: "மென்பொருள் ரெய்டுன்னாலே இப்படித்தான், பேசாம ஒரு கார்டு வாங்கிப் போட்டுடப் போறேன்."

எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. இதே தீர்ப்பை ஒரு காலத்தில் நானும் சொன்னவன்தான் :-)

வீட்டுப் பெட்டியில் நாலு வட்டு, லினக்ஸின் எம்டி வழியா ரெய்டு 5. பத்து வருஷத்துப் புகைப்படம் அத்தனையும் அதில்தான். (வேற பிரதி இருந்துச்சான்னு கேட்காதீங்க, தங்கமணி காதில் விழுந்தா தொலைஞ்சேன்.) மாசத்துக்கு ஒருதரம் படுத்துக்கும். லாகைத் திறந்தா ஒண்ணும் இருக்காது. எப்படி இருக்கும்? லாக் எழுதப்படுவதே அதே வட்டுக் கூட்டில். பிராணன் போற நேரத்தில் டயரி எழுத முடியுமா?

மூணாவது தடவைதான் தேதியைப் பார்த்தேன். மூணுமே மாசத்தின் முதல் ஞாயிறு, ராத்திரி ஒரு மணிக்கு மேலே. அப்போ என் டெபியனில் அந்த நாள் 12.57க்கு வட்டுக் கூட்டைச் சரிபார்க்கும் வேலை தானாகவே கிளம்பும். ஆக, குற்றவாளி ரெய்டு. கேஸ் முடிஞ்சதுன்னுதான் நினைச்சேன்.

இருந்தாலும் அடுத்த ஞாயிறுக்கு முன்னாடி நெட்கன்சோல் போட்டு வெச்சேன். கெர்னல் தன் புலம்பலை வட்டில் எழுதாமல் யூடிபி பொட்டலமா வலையில் அனுப்பிடும். பக்கத்தில் ஒரு பழைய மடிக்கணினி நெட்கேட் வெச்சு வாங்கிக்கும். காலையில் பார்த்தா, ஒண்ணு இல்லை, மூணு ஊப்ஸ். திரையில் நின்னது கடைசி ஊப்ஸ். ரெய்டு5 பெயர் அதில்தான் இருந்தது. முதல் ஊப்ஸ் கோப்பு முறைமையில். ரெண்டாவதிலிருந்து 'டெயின்டட்' என்ற இடத்தில் டி என்ற எழுத்து ஏறியிருந்தது. அதுக்கு அர்த்தம், இந்தக் கெர்னல் ஏற்கெனவே ஒருதரம் அடிபட்டது, இனி இது சொல்வதை நம்பாதேன்னு.

கையாலேயே சரிபார்ப்பை மறுபடி ரெண்டு தடவை ஓட்டினேன். ரெண்டு தடவையும் விழுந்தது, வேற வேற இடத்தில். நிரலில் பிழைன்னா பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறும். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடினதில் ஒரு ரேம் பல்லைக் காட்டிடுச்சு. நாலு வட்டும் மணிக்கணக்கா முழு மூச்சில் ஓடும்போதுதான் அதுக்குத் தாங்கலை.

இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குவது வேற விஷயம். 'செக்' என்பது பொருந்தாததை எண்ணிச் சொல்வதோட சரி. 'ரிப்பேர்' கொடுத்தா பாரிட்டியைக் கணக்குப் போட்டுத் திருப்பி எழுதிடும். அந்த ரேமை வெச்சுக்கிட்டு நான் ரிப்பேர் கொடுக்க இருந்தேன்! இன்னொரு புண்ணியவான் 'எம்டிஆட்ம் க்ரியேட்' போட்டுப் பார்க்கச் சொன்னார். வட்டு வரிசையை மாத்திக் கொடுத்துட்டா புகைப்படங்களுக்கு கோவிந்தா.

ரெய்டு எப்பவுமே அப்பாவின்னு சொல்ல வரலை. 2015 மே மாசம் 4.0 கெர்னலில் கோப்புகள் சிதைஞ்சப்போ எல்லாரும் முதலில் ஈஎக்ஸ்டி4ஐத்தான் திட்டினாங்க. கடைசியில் பார்த்தா எம்டியின் ரெய்டு 0 நிரல். ஒரு மாறியின் பழைய மதிப்பைத் திருப்பி வைக்கிற வரி, வைக்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்னது. அவ்வளவுதான். அங்கேயும் முதலில் கண்ணில் பட்டவன்தான் அடி வாங்கினான்.

நண்பரிடம் கார்டு வாங்கறதைத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கேன். நெட்கன்சோல் போட்டாச்சு. கேடம்ப்பும் போடச் சொன்னேன், ஆனா அந்த நினைவகப் பிரதியைச் சேமிக்கும் இடம் அதே வட்டுக் கூட்டில் இருக்கக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் பெட்டி விழுவதும் ஞாயிற்றுக்கிழமையா என்று கேட்டேன். "அதெல்லாம் யாருங்க பார்த்தா" என்றார்.